கேமரா வீடியோக்களின் நேரம் தப்பாகக் காட்டுகிறது: 5:30 கழிப்பதா, 2:30 கழிப்பதா?

கடிகாரமுள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு கல்யாணத்தின் வீடியோக் கோப்புகளை எடுத்த வரிசைப்படி அடுக்க வேண்டும். ஒரு கையடக்கக் கேமரா, ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்டு போன் என்று மூன்று கருவிகளில் எடுத்தவை. கேமராவில் சிங்கப்பூர் நேரம் வைத்திருந்தது. சிங்கப்பூரில் சில கிளிப்புகள் எடுத்தபின் மதுரைக்கு வந்தும் அந்த நேரத்தை யாரும் மாற்றவில்லை. ஐபோன் கிளிப்புகள் மூவ், மற்றவை எம்பி4 கோப்புகள்.

ஒரே தருணத்தை வைத்துச் சொல்கிறேன். 2024 மே 19, மதுரை, மாலை 6:10, வரவேற்பு. ஐபோன் கிளிப்பை விண்டோஸ் கணினியில் பார்த்தால் 'மீடியா கிரியேட்டட்' 6:10 என்று சரியாக இருக்கிறது. கேமரா கிளிப்பில் மறுநாள் அதிகாலை 2:10 என்று காட்டுகிறது. எடுத்தபோது கேமராத் திரையில் இருந்தது இரவு 8:40.

கேமரா கிளிப்புகளில் எவ்வளவு கழிக்க வேண்டும்? 5:30, 2:30, 8:00 என்று மூன்று விடைகள் கண்ணில் படுகின்றன. படத்தை மறுபடி என்கோட் செய்யாமல் இதைத் திருத்த முடியுமா? இன்னொன்று: ஆண்ட்ராய்டு கிளிப்புகள் குறுகியவை என்றால் சரியாக இருக்கின்றன, நீளமானவை பத்திருபது நிமிடம் தள்ளிப் போகின்றன. அது ஏன்?

---

ஃப்ரேம்வாசி எழுதியது:

எட்டு மணி நேரம் கழிக்க வேண்டும். ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை எந்த ஊரானாலும் குழப்பம் வராது.

எம்பி4, மூவ் கோப்புகளின் தலைப்பகுதியில் 'எம்விஹெச்டி' என்று ஒரு பெட்டி உண்டு. எடுத்த நேரம் அதில் ஓர் எண்ணாக இருக்கிறது: 1904 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்பது. விதிப்படி அந்த நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்க வேண்டும். நேர மண்டலத்தைக் குறிக்க அந்தப் பெட்டியில் இடமே கிடையாது. போனுக்கு மண்டலம் தெரியும், அதனால் யூடிசிக்கு மாற்றி எழுதிவிடுகிறது. பல கேமராக்களுக்குத் தெரியாது. கடிகாரத்தில் ஓடுகிற நேரத்தை அப்படியே எழுதிவிடுகின்றன. உங்கள் கேமரா எழுதியது 20:40. விண்டோஸ் அதை யூடிசி என்று நம்பி இந்திய நேரத்துக்கு 5:30 கூட்டியது. அதனால்தான் 2:10.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். கேமராக் கடிகாரம் எந்த மண்டலத்தில் ஓடியது? சிங்கப்பூர், +8:00. படம் எடுத்த ஊர் எந்த மண்டலம்? மதுரை, +5:30. யூடிசியைச் சரிசெய்ய முதல் கேள்வியின் விடை மட்டும் போதும். 20:40இல் எட்டைக் கழித்தால் 12:40. அதுதான் அந்தத் தருணத்தின் உண்மையான யூடிசி. 5:30 கூட்டினால் 18:10 வருகிறதா, பாருங்கள். சிங்கப்பூரில் எடுத்த கிளிப்புக்கும் இதே எட்டுதான். ஊர் வாரியாகப் பிரித்து வேறு வேறு அளவு கழிப்பதுதான் இதில் பெரும்பாலோர் செய்யும் தப்பு. 5:30 கழித்தால் இரண்டரை மணி பிந்திக் காட்டும். 2:30 கழித்தால் பெட்டியில் 18:10 என்று அழகாக இருக்கும், ஆனால் பார்க்கிற மென்பொருள் அதன்மேல் 5:30 கூட்டி 23:40 ஆக்கிவிடும்.

மறு என்கோட் தேவையே இல்லை. கோப்புக்குள் இருக்கும் தேதி, நேரக் குறிப்புகளைப் படித்து மாற்றும் எக்ஸிஃப்டூல் என்ற நிரல் போதும். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் பார்வை மட்டும்: எக்ஸிஃப்டூல் -ஜி1 -ஏ -எஸ் -டைம்:ஆல், பிறகு கோப்பின் பெயர். ஜி மட்டும் பெரிய எழுத்து. இப்படிக் கேட்டால் குவிக்டைம் நேரங்களை (எம்பி4, மூவ் பெட்டிகளின் நேரங்களை) எக்ஸிஃப்டூல் எந்த மாற்றமும் செய்யாமல், பெட்டியில் இருக்கிற எண்ணையே காட்டும். கேமரா கிளிப்பில் 20:40, ஐபோன் கிளிப்பில் 12:40 என்று வந்தால் நோய் உறுதி. எக்ஸ்ப்ளோரர் காட்டும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது ஏற்கெனவே கூட்டிக் கழித்த நேரம்.

அடுத்து கேமரா கிளிப்புகளைத் தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஐபோன் கோப்பு ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. சரியாக இருப்பதிலும் எட்டு மணி குறைந்துவிடும்.

பிறகு திருத்தம். நேரம் ஆறு இடங்களில் இருக்கிறது: கிரியேட்டேட், மாடிஃபைடேட், டிராக்கிரியேட்டேட், டிராக்மாடிஃபைடேட், மீடியாகிரியேட்டேட், மீடியாமாடிஃபைடேட். 'ஆல்டேட்ஸ்' என்ற குறுக்குப் பெயர் போட்டால் டிராக், மீடியா நான்கும் பழையபடியே நிற்கும், வேறொரு மென்பொருள் அவற்றைப் படித்துப் பழைய நேரத்தையே காட்டும். அதனால் ஆறையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வடிவம் இது: மைனஸ் குறி, பெயர், மைனஸ் ஈக்வல், பிறகு மேற்கோளுக்குள் "0:0:0 8:0:0". முதல் மூன்று எண்கள் வருடம், மாதம், நாள். அடுத்தவை மணி, நிமிடம், நொடி. வெறும் 8 என்றாலும் மணியாகத்தான் எடுத்துக்கொள்ளும், ஆனால் முழு வடிவத்தில் எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

கவனிக்க வேண்டியவை. இது இருப்பதிலிருந்து கழிக்கிற வேலை. இரண்டு முறை ஓட்டினால் பதினாறு மணி போய்விடும். ஒவ்வொரு கோப்புக்கும் பெயரின் வாலில் '_ஒரிஜினல்' சேர்ந்த நகல் ஒன்றை எக்ஸிஃப்டூல் விட்டுவைக்கும். இரண்டாவது ஓட்டத்தில் அந்த நகலை அது மேலெழுதாது. எனவே எப்போது வேண்டுமானாலும் ரிஸ்டோர்_ஒரிஜினல் கொடுத்து முதல் நிலைக்குத் திரும்பலாம். வேலை சரி என்று பார்த்து முடிக்கும்வரை ஓவர்ரைட்_ஒரிஜினல் போடவே வேண்டாம். இதற்காக ஃபோல்டர் அளவுக்குச் சமமாக டிஸ்க்கில் இன்னோர் இடம் காலியாக இருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸில் ஃபோல்டருக்கோ கோப்புக்கோ தமிழில் பெயர் வைத்திருந்தால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று வரும். -கேர்செட் ஃபைல்நேம்=யுடிஎஃப்8 சேர்க்கலாம், ஆனால் கமாண்ட் பிராம்ப்டின் எழுத்துக்குறியீடும் ஒத்துழைக்க வேண்டும். வேலை முடியும்வரை ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக மாற்றி வைப்பது சுலபம்.

---

டிக்டிக் எழுதியது:

ஆண்ட்ராய்டு விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பல ஆண்ட்ராய்டு போன்களில் எம்விஹெச்டி பெட்டியைப் பதிவு *முடியும்போது* எழுதுகிறார்கள். அந்தக் கணத்தின் நேரம்தான் கிரியேட்டேட் ஆகிறது. 6:10க்குத் தொடங்கி 25 நிமிடம் ஓடிய கிளிப்பில் 6:35 இருக்கும். முப்பது நொடிக் கிளிப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. மண்டலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

தொடக்க நேரம் கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. 'விஐடி_20240519_181000' என்ற பெயர் உள்ளூர் நேரம். எக்ஸிஃப்டூலுக்குப் பெயரிலிருந்தே நேரத்தை எடுக்கத் தெரியும்: மைனஸ் கிரியேட்டேட், இடப்பக்கம் பார்த்த அம்புக்குறி, ஃபைல்நேம். கூடவே -ஏபிஐ குவிக்டைம்யூடிசி சேர்க்க வேண்டும். அதைச் சேர்த்தால் நீங்கள் கொடுப்பது கணினியின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு யூடிசிக்கு மாற்றி எழுதும். சேர்க்காவிட்டால் 18:10 அப்படியே பெட்டிக்குள் போய் உட்காரும், கேமராவில் வந்த அதே கோளாறு போனிலும் வந்துவிடும். பெயரில் '(1)' மாதிரி கூடுதல் இலக்கம் இருந்தால் முன்பே நீக்கிவிடுங்கள்.

பிக்ஸல் போனின் 'பிஎக்ஸ்எல்_' கோப்புகளில் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. அந்தப் பெயரில் இருப்பதே யூடிசி நேரம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தவற்றில் எடுத்த நேரத்தைத் தேடிப் பயனில்லை. பெயரில் தேதி மட்டும் இருக்கும், 'டபிள்யூஏ' என்பதற்குப் பின் வருவது வரிசை எண். எடுத்தவரிடம் கேட்டு, மறுபடி 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு தொடாமல் வரும்.

---

கடிகாரமுள் எழுதியது:

இருவருக்கும் நன்றி. எட்டு கழித்தபின் விண்டோஸில் மூன்று கருவிகளின் கிளிப்புகளும் சரியான வரிசையில் வருகின்றன. இதே கோப்புகளைச் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு மேக் கணினியில் ஃபோட்டோஸில் போட்டால் மதுரை வரவேற்பு கேமராவில் 8:40 என்றும், ஐபோனில் 6:10 என்றும் காட்டுகிறது. வரிசை சரி, மணி மட்டும் வேறு. இதற்கும் வழி உண்டா?

---

ஃப்ரேம்வாசி எழுதியது:

உண்டு. இப்போது இரண்டாவது கேள்வி, அதாவது ஊரின் மண்டலம், தேவைப்படுகிறது.

ஐபோன் யூடிசியோடு நிறுத்துவதில்லை. 'கீஸ்' என்ற பகுதியில் கிரியேஷன்டேட் என்று ஒன்றையும் எழுதுகிறது: 2024:05:19 18:10:00+05:30. ஊர் நேரம், மண்டலம் இரண்டும் அதில் இருக்கின்றன. ஆப்பிள் ஃபோட்டோஸ் முதலில் அதைத்தான் பார்க்கும். அது இல்லாதபோதுதான் எம்விஹெச்டிக்குப் போய்க் கணினியின் மண்டலத்தைக் கூட்டும். கேமரா கிளிப்பில் அது இல்லை, ஆகவே சிங்கப்பூர் மேக் எட்டைக் கூட்டியது. கிரியேட்டேட் வேறு, கிரியேஷன்டேட் வேறு. தட்டும்போது மாறிவிடும், பார்த்துச் செய்யுங்கள்.

கேமரா கிளிப்புகளை இப்போது ஊர் வாரியாக இரண்டு ஃபோல்டராகப் பிரியுங்கள். எட்டு கழித்து முடித்த கோப்புகளில்தான் இதைச் செய்ய வேண்டும். மேக்கிலோ லினக்ஸிலோ கட்டளைக்கு முன்னால் டிஇசட்=ஏசியா/கொல்கத்தா (டிஇசட் என்பது நேர மண்டலம்) என்று வைத்து, எக்ஸிஃப்டூல் -ஏபிஐ குவிக்டைம்யூடிசி, பிறகு மைனஸ் கீஸ்:கிரியேஷன்டேட், இடப்பக்க அம்பு, கிரியேட்டேட். யூடிசி 12:40ஐ மதுரை நேரமாக்கி +05:30 வாலோடு எழுதிவிடும். சிங்கப்பூர் ஃபோல்டருக்கு ஏசியா/சிங்கப்பூர். அம்புக்குறி இருப்பதால் அந்தப் பகுதியை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் ஷெல் அதைக் கோப்பு திறக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸில் டிஇசட் முறையை நம்ப வேண்டாம். கணினியின் நேர மண்டலத்தையே சற்று நேரம் மாற்றிவைத்து, மேற்சொன்ன கட்டளையை ஓட்டிவிட்டு, திரும்ப வையுங்கள். எங்காவது 'ஐஎஸ்டி-5:30' என்ற பழைய பாணி வடிவத்தைப் பார்த்தால் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அந்த முறையில் யூடிசிக்குக் கிழக்கே உள்ள ஊர்களுக்கு மைனஸ்தான்.

ஃபோட்டோஸில் ஏற்கெனவே சேர்த்த கிளிப்புகள் தானாகத் திருந்தா. நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். ஃபோட்டோஸுக்குள்ளேயே தேதியை மாற்றினால் அது அதன் தரவுத்தளத்தில் மட்டும் மாறும், 'அன்மாடிஃபைடு ஒரிஜினல்' என்று வெளியே எடுக்கும்போது பழைய நேரமே வரும். கூகுள் ஃபோட்டோஸிலும் அப்படித்தான், அங்கே செய்யும் திருத்தம் கோப்புக்குள் போகாது. கூகுளிலிருந்து தரவை இறக்கும் டேக்அவுட்டில் தனியாக வருகிற ஜேசான் கோப்பில் 'ஃபோட்டோடேக்கன்டைம்' என்ற இடத்தில் இருக்கும். பத்து, இருபது வருடம் நிற்க வேண்டிய கல்யாண வீடியோ இது. நேரம் கோப்புக்குள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. இன்று பயன்படுத்தும் செயலி அன்றைக்கு இருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

---

நேரிழை எழுதியது:

கேமராவிலேயே மண்டலம் வைக்கும் வசதி இருந்தும் தப்பு வருகிறதே என்று பலர் கேட்பதால் சேர்க்கிறேன். 'ஏரியா' அமைப்பை லண்டனிலேயே விட்டுவிட்டு, கடிகார முள்ளை மட்டும் இந்திய நேரத்துக்கு நகர்த்தினால், கேமரா யூடிசி கணக்கிடும்போது 5:30 கூடுதலாகிவிடும். திரையில் நேரம் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. சோனியின் எக்ஸ்ஏவிசி கோப்புகளில் மண்டலத்தோடு கூடிய நேரம் எக்ஸ்எம்எல் பகுதியில் 'கிரியேஷன்டேட்வேல்யூ' என்று இருக்கும். அதன் வாலில் +00:00 என்று இருந்து, படம் எடுத்த ஊர் சென்னை என்றால் பிழை பிடிபட்டுவிட்டது.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரல் வழி செய்கிறவர்களுக்கு: -சி காப்பி கொடுத்தால் மறு என்கோட் ஆகாது. ஆனால் -மேப் 0 கொடுக்காவிட்டால் ஒரு வீடியோ, ஒரு ஆடியோ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஆப்பிள் கீஸ் பகுதி பிழைக்க -மூவ்ஃப்ளாக்ஸ் யூஸ்_மெட்டாடேட்டா_டேக்ஸ் வேண்டும். கிரியேஷன்_டைம் மதிப்பின் கடைசியில் இசட் எழுத்து கட்டாயம். அது இல்லாவிட்டால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு கணினியின் மண்டலத்தைக் கழித்துவிடும். நேரத்தை மட்டும் திருத்த எக்ஸிஃப்டூலே மேல். எஃப்எஃப்எம்பெக் கோப்பின் கட்டமைப்பையே புதிதாக எழுதுகிறது.

ஏவிசிஹெச்டி கேமராவின் எம்டிஎஸ் கோப்புகளை எக்ஸிஃப்டூல் படிக்கும், எழுதாது. எம்கேவியும் அப்படியே, அதற்கு எம்கேவிப்ராப்எடிட் என்ற தனிக் கருவி இருக்கிறது. எம்டிஎஸ்ஸை எம்பி4 கோப்பாக மாற்றும்போது எடுத்த நேரம் தொலைந்துபோகும். முதலில் எம்டிஎஸ்ஸிலிருந்து டேட்டைம்ஒரிஜினலைப் படித்துக் குறித்துக்கொண்டு, மாற்றிய பிறகு எழுதுங்கள்.

---

பனையோலை எழுதியது:

இதோடு ஒட்டிய கேள்வி. 1999இல் கொழும்பில் எடுத்த மினிடிவி (சின்ன டிஜிட்டல் வீடியோ) டேப்புகளைக் கணினிக்கு மாற்றுகிறேன். கேமராக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் சரியாக ஓடியது. +5:30 கழித்தால் போதும்தானே?

---

நேரிழை எழுதியது:

போதாது. இலங்கை 1996 மே மாதத்தில் +6:30க்கு மாறியது, அதே வருடம் அக்டோபரில் +6:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் +5:30க்குத் திரும்பியது. 1999 கொழும்பு என்றால் ஆறு மணி நேரம் கழிக்க வேண்டும். கையால் எண் போடாமல் டிஇசட்=ஏசியா/கொழும்பு கொடுத்துக் குவிக்டைம்யூடிசியோடு எழுதினால் அந்தந்தத் தேதிக்கு உரியதைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்த ஆண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய +5:30தான் புழக்கத்தில் இருந்தது. வன்னியில் எடுத்த டேப் இருந்தால் கடிகாரம் எந்த நேரத்தில் ஓடியது என்று எடுத்தவரையே கேளுங்கள். சிங்கப்பூர்ப் பழைய படங்களுக்கும் இது உண்டு: 1982க்கு முன் அங்கே +7:30.

டேப்பைப் பிடிக்கும்போது மூல டிவி (டிஜிட்டல் வீடியோ) வடிவத்திலேயே ஃபயர்வயர் கேபிள் வழியாக இறக்குங்கள். எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு ஃப்ரேமோடும் அதில் பதிந்திருக்கிறது, மீடியாஇன்ஃபோ நிரலில் 'ரெக்கார்டட் டேட்' என்று தெரியும். நேரடியாக எம்பி4 ஆக்கினால் அது போய்விடும், பிறகு டேப்பை மறுபடி ஓட்டினால்தான் கிடைக்கும்.

---

டிக்டிக் எழுதியது:

கேமராவின் உள் பேட்டரி தீர்ந்து தேதியே பின்னுக்குப் போன கிளிப்புகளுக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். உண்மை நேரம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு கிளிப் போதும். கோப்பில் 2018:01:01 03:12:20 இருக்கிறது, உண்மையில் எடுத்தது 2024 மே 19 இந்திய நேரம் காலை 10:42:20 என்று வைத்துக்கொள்வோம். யூடிசியில் அது 05:12:20. இடைவெளி 2330 நாள், 2 மணி. ப்ளஸ் ஈக்வல் போட்டு "0:0:2330 2:0:0" என்று நாளாகவே கூட்டுங்கள். ஆறு வருடம் நான்கு மாதம் என்று வருடம், மாதக் கணக்கில் கூட்டினால் மாதங்களின் நீளம் வேறுபடுவதால் மாதக் கடைசியில் எடுத்த கிளிப்புகள் ஒன்றிரண்டு நாள் பிசகும். நடுவில் மறுபடி பேட்டரி கழற்றியிருந்தால் அந்த இடத்திலிருந்து கணக்கு புதிது, எல்லாவற்றுக்கும் ஒரே எண் பொருந்தாது.

கிரியேட்டேட் முழுக்கச் சுழியாக இருந்தால் கூட்டவோ கழிக்கவோ எதுவும் இல்லை. அப்போது மெமரி கார்டிலிருந்து நேரடியாக நகலெடுத்த கோப்பின் 'மாடிஃபைடு' நேரத்தை எடுக்கலாம். அது பெரும்பாலும் பதிவு முடிந்த நேரம், கிளிப்பின் நீளத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். எஃப்ஏடி32 கார்டு என்றால் அது இரண்டு நொடி நுணுக்கத்தில்தான் இருக்கும், அதுவும் உள்ளூர் நேரமாக.

இரண்டு மூன்று கேமராவைச் சேர்த்து எடிட் செய்கிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கிரியேட்டேட்டைத் திருத்தினால் டைம்கோட் டிராக் (ஃப்ரேம்களுக்கான நேர எண்) மாறாது. எடிட்டிங் மென்பொருள் பல நேரம் டைம்கோடை வைத்துத்தான் கிளிப்புகளை ஒட்டும். அடுத்த நிகழ்ச்சிக்கு முன் ஒவ்வொரு கேமராவிலும், நொடி ஓடுகிற போன் கடிகாரத்தைப் பத்து நொடி படம்பிடியுங்கள். நிகழ்ச்சி முடிந்தபின் இன்னொரு முறை. இரண்டையும் ஒப்பிட்டால் அந்தக் கடிகாரம் எத்தனை நொடி ஓடிப்போனது என்பது தெரியும், அந்த நொடிகளையும் இதே கட்டளையில் கடைசி எண்ணாகச் சேர்த்துவிடலாம்.